நீலத் தூணும் மஞ்சள் தூணும்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு இரும்புத் தூண் நிற்கிறது. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். புதிதாக வண்டி கொண்டு வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். அப்பா பதில் சொல்ல மாட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

வீடு அதியமான்கோட்டையில் ஹைவேயை விட்டு உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அப்பாவின் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. ஒரு லாரி டயரைப் பாதி புதைத்து வைத்திருப்பார். அதைப் பார்த்து வண்டி வரும்.

அப்பா படுத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். வண்டியை ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்குவார். கோணிச்சாக்கை விரித்து, மல்லாக்கப் படுத்து, முதுகால் நகர்ந்து உள்ளே போவார். சின்ன வயதில் நான் அப்பாவின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். யாராவது வந்து அப்பா எங்கே பாப்பா என்று கேட்டால் காலைக் காட்டுவேன். அவர்களும் காலிடம் பேசிவிட்டுப் போவார்கள்.

நான் வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை ஜாக்கி சறுக்கியிருக்கிறது. அது ஒரு வேன். அப்பா அடியில் இருந்தார். நல்லவேளை, பக்கத்தில் ஸ்டெப்னி டயரைக் கழற்றிப் போட்டிருந்தார். வண்டி அதன் மேல் உட்கார்ந்தது. அப்பாவுக்கு விலா எலும்பு இரண்டு போனதோடு விட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அம்மாதான் அந்த வயிற்றோடு ஓடிப்போய், இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, ஏற்றி, அப்பாவை இழுத்துப் போட்டது. இதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. மாமாதான் சொல்வார். அதையும் சிரிப்புக் கதை மாதிரி சொல்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடத்தூர்ப் பக்கம் இருந்தார். டிராக்டர் வைத்திருந்தார். யாருக்கு உழவு வேண்டுமோ அங்கே போவார். உழவு இல்லாத நாளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். உழவு இருக்கிற நாளிலும் சாப்பிடுவார்.

அந்த வேன் விழுந்த பிறகு, அப்பா வண்டிக்கு அடியில் போனால் அம்மாவும் கையில் இருக்கிற வேலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடும். கேழ்வரகு புடைப்பது, அவரை உரிப்பது, என் தலையை வாருவது எல்லாம் அங்கேதான். கை வேலை செய்யும். கண் ஜாக்கியில் இருக்கும்.

"ஸ்டெப்னி வெச்சீங்களா?"

"வெச்சிருக்கேன்."

"எங்க, காட்டுங்க."

அப்பா உள்ளே இருந்தபடியே டயரைத் தட்டிக் காட்டுவார். சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா புடைக்க ஆரம்பிக்கும். வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளாது.

எனக்கு எட்டு வயதாகும்போது ஜாக்கி இன்னொரு தடவை நழுவியது. கொஞ்சம்தான். அப்பா உள்ளே போகவே இல்லை, அதற்குள் வண்டி இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது.

"இனிமே படுத்துப் பாக்கற வேலை வேண்டாங்க. கொட்டகையைப் பூட்டுங்க. ஓசூர்ல கம்பெனி எத்தனையோ இருக்குது. போயி நின்னுக்கிட்டு வேலை பாருங்க."

அப்பா கையைத் துடைத்தார். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அப்பாவுக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு இடம் தெரியாது. கம்பெனியில் போய் மணி அடித்தால் டீ குடிக்கிற ஆள் இல்லை அவர். அம்மாவும் சொன்னால் சொன்னதுதான். இரண்டு பேரும் பேசாமல் இருந்ததில் எனக்கு ஒரு வாரம் யாரும் தலை வாரவில்லை.

வழி கொண்டு வந்தவர் மாமாதான்.

ஹைவேயில் ஒரு கார் சர்வீஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. அந்தக் கட்டிடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள் என்று மாமா கேள்விப்பட்டு வந்தார். உள்ளே கார் தூக்குகிற லிஃப்ட் இரண்டு நிற்கிறது, கழற்றிக்கொண்டு போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்றார்.

"மாமா, லிஃப்ட் வந்துட்டா நீங்க படுக்கவே வேண்டாம். நின்னுக்கிட்டே பாக்கலாம். ஓசூர்ல நிக்கறத இங்கயே நின்னுட்டுப் போறீங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. "கொண்டாந்து நடுங்க. பாக்கலாம்" என்றது.

மறுநாள் நானும் டிராக்டரில் ஏறிக்கொண்டேன். அந்தக் கட்டிடத்தில் கதவு, ஜன்னல், வயர் எல்லாம் ஏற்கனவே போயிருந்தது. பெரிய கூடம். நடுவில் நான்கு தூண், இரண்டு இரண்டாக. ஒவ்வொரு தூணிலும் இரண்டு இரும்புக் கை. அந்தக் கைகள்தான் காரை அடியில் தாங்கித் தூக்கும். அப்பா எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். ஒரு தூண் வண்டி மோதி வளைந்திருந்தது. இன்னொன்றில் அடியில் துரு தின்றிருந்தது. இரண்டு தூண் நன்றாக இருந்தது. ஆனால் இந்த லிஃப்டில் ஒன்று, அந்த லிஃப்டில் ஒன்று. ஒரே கம்பெனி லிஃப்ட்தான். ஒன்றுக்கு மட்டும் யாரோ பிற்பாடு நீலத்தின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

மோட்டாரைக் காணோம். இரண்டிலும் இல்லை. அதை வேறு யாரோ முந்திக்கொண்டு கழற்றிவிட்டார்கள்.

"மோட்டார் இல்லாத லிஃப்ட் என்னத்துக்கு ஆவும்?" என்று அப்பா கேட்டார்.

மாமா தன் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். மண் டிரெய்லரைத் தூக்கிக் கொட்டுவதற்கு டிராக்டரின் பின்னால் ஒரு ஆயில் குழாய் இருக்கும். டிராக்டரே ஆயிலை அழுத்தி அனுப்பும். டிரெய்லரைத் தூக்குகிற ஆயில் காரைத் தூக்காதா என்பது மாமாவின் கேள்வி. அப்பா ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். அப்பா தாடையைச் சொறிந்தால் ஆகும் என்று அர்த்தம்.

கழற்றுவது லேசில் நடக்கவில்லை. தூணைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் என் மணிக்கட்டு மாதிரி இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். ஒரு போல்ட் திரும்பும்போது மாமா பைப்போடு போய் விழுந்தார். எழுந்து, "அது வர்றேன்னு சொல்லவே இல்ல மாமா" என்றார். தூணை மேலே செயின் பிளாக்கில் கட்டி, மெதுவாகச் சாய்த்து, பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரி தரையில் கிடத்தினார் அப்பா. உள்ளே இருந்த கம்பிக் கயிறு, கப்பி, வண்டி கீழே வராமல் பிடிக்கிற லாக் எல்லாவற்றையும் என் ஸ்கூல் பை மாதிரி ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டிரெய்லருக்கு வெளியே தூண் நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் மாமாவின் சிவப்புத் துண்டைக் கட்டினோம். ஊருக்குள் வந்தபோது எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குப் புதுக் கொடிமரம் வைப்பதாகப் பேச்சு இருந்தது. அதுதான் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாமா டிராக்டரை நிறுத்தவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கும்பிடு வாங்கிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலில் நின்று இரண்டு தூணையும் பார்த்தது.

"எங்கடா புடிச்சீங்க இந்தச் சோடி சேராத மாட்ட?"

"இழுக்கறது முக்கியமா, நெறம் முக்கியமாக்கா?"

"விழாதது முக்கியம்" என்றது அம்மா.

கொட்டகைக்குள் உயரம் பத்தாது. அதனால் வாசலிலேயே வெட்டவெளியில் குழி எடுத்தார்கள். கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். கல், மணல், சிமெண்ட் கலந்தது எல்லாம் அம்மாவின் கண் எதிரே. ஒரு மாதம் ஆறினால் போதும் என்று கொத்தனார் சொன்னார். அம்மா இரண்டு மாதம் விட்டது. தினமும் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றியது. எங்கள் வீட்டில் அவ்வளவு தண்ணீர் குடித்த செடி எதுவும் கிடையாது.

பிறகு தூணை நட்டார்கள். அப்பா தர்மபுரியில் ஒரு லேத்தில் கொடுத்துக் குழாய்க்கு இணைப்பு செய்து வந்தார். மாமா டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, குழாயை மாட்டி, லீவரை இழுத்தார். நான்கு இரும்புக் கையும் ஒன்றாக மேலே போனது. போகும்போது தூணுக்குள் டக், டக் என்று சத்தம் வந்தது. அதுதான் லாக். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பல் விழுந்து பிடித்துக்கொள்ளும். ஆயில் நின்றாலும் வண்டி கீழே வராது. இறக்க வேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் மேலே தூக்கி, அந்தப் பல்லை விடுவித்து, அப்புறம்தான் இறக்க முடியும். இதை அப்பா அம்மாவுக்கு மூன்று நாள் சொல்லிக் காட்டினார். மணல் மூட்டைகளை ஏற்றித் தூக்கிக் காட்டினார்.

"மூட்டை வேற, வண்டி வேற" என்றது அம்மா.

வண்டியைத் தூக்கிக் காட்டலாம் என்றால் அதற்கும் அம்மாவே குறுக்கே நின்றது. எங்கள் வீடுகளில் முதலில் வருவது எதுவும் கோயிலுக்கு. மாடு கன்று போட்டால் சீம்பால் முடிந்து முதல் பால் கோயிலுக்கு. அறுத்தால் முதல் படி கேழ்வரகு கோயிலுக்கு. அதே மாதிரி லிஃப்டில் ஏறுகிற முதல் வண்டி கோயில் ஜீப்பாக இருக்கும் என்று அம்மா குழி தோண்டின அன்றைக்கே மாதாவிடம் சொல்லிவிட்டது. அதனால் சோதனைக்குக்கூட வேறு வண்டியைத் தூக்க முடியாது. கோயில் ஜீப்பை வைத்துச் சோதனை பண்ணவும் முடியாது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஜீப் தானாகவே வந்தது. திருவிழா அன்று காலையில்.

அந்த ஜீப்பின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். சாயங்காலம் தேர் புறப்பட்டால் ஜீப்தான் முன்னால் போகும். உள்ளே உட்கார்ந்து உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டே போவார். உபதேசியார் என்பவர் சாமியாருக்கு, அதாவது ஃபாதருக்கு, அடுத்த ஆள். கோயில் மணி, மைக் செட், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல கனமான சரீரம். அன்றைக்குக் காலையில் அவரே ஜீப்பை ஓட்டி வந்தார். பிரேக் ஆயில் ஒழுகுகிறது, கோயிலுக்குப் பக்கத்தில் இறக்கம், ஜனத்துக்கு நடுவில் வண்டி நிற்காமல் போய்விட்டால் என்ன ஆவது என்றார்.

முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. சாமியார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு தூணுக்கும் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் தள்ளி நின்றே தெளித்தார். "நல்லா இருக்கும், நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூசைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ஜீப்பை இரண்டு தூணுக்கும் நடுவில் நிறுத்தி, கைகளை அடியில் கொடுத்தார் அப்பா. உபதேசியார் இறங்கவில்லை.

"எறங்குங்க உபதேசியாரே."

"மைக் செட் உள்ள இருக்குது. மழைச் சாரல் அடிக்குது. நான் துணியப் போட்டு மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க அடியில பாருங்க, நான் மேல பாக்கறேன்."

"வண்டி மேல போவுங்க."

"எவ்வளவு போவும்? சும்மா ரெண்டு அடி."

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா லீவரை இழுத்துவிட்டார். டக், டக், டக். ஜீப் தரையை விட்டது. எங்கள் மதில் சுவரைத் தாண்டியது. உபதேசியார் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போதும் தம்பி, போதும்" என்றார். மாமா டிராக்டர் சத்தத்தில் காது கேளாதவர் மாதிரி இருந்தார். அப்பாவின் தலைக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டுத்தான் நிறுத்தினார்.

நான் கை தட்டினேன். அம்மா தட்டவில்லை.

அப்போது ரோட்டில் ஒருவர் மொபெட்டில் வந்து நின்றார். மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது, கடலை போட வேண்டும், மத்தியானத்துக்குள் உழவு முடித்துக் கொடு, இல்லையென்றால் வேறு டிராக்டரைக் கூப்பிடுகிறேன் என்று மாமாவிடம் அவசரப்படுத்தினார். மாமா குழாயைக் கழற்றினார். "லாக் புடிச்சிருக்குது மாமா. நீங்க வேலையப் பாருங்க, நான் ஒரு கொல்லையை ஓட்டிட்டு ஓடியாறேன்" என்றார். யாரும் என்ன ஏது என்று கேட்பதற்குள் டிராக்டர் போய்விட்டது.

டிராக்டர் இல்லாமல் ஜீப்பை இறக்க முடியாது என்பது அது ரோட்டைத் தாண்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். எங்கள் சமையல்கட்டு ஜன்னலில் போன் அடித்தது. மாமா சார்ஜ் போட்டுவிட்டு மறந்து போயிருந்தார்.

"சரி, அவன் வர்றப்ப வரட்டும். நான் வேலைய முடிக்கறேன்" என்று அப்பா ஸ்பேனரை எடுத்தார். ஜீப்புக்குக் கீழே போக ஒரு அடி வைத்தார்.

"நில்லுங்க" என்றது அம்மா.

அப்பா நின்றார்.

"இப்ப போவாதீங்க."

"லாக் புடிச்சிருக்குது."

"ஜாக்கியும்தான் புடிச்சிருந்திச்சு."

அப்பா காலைப் பின்னால் எடுத்தார்.

உபதேசியாருக்கு ஏணி வைத்துப் பார்த்தோம். அவர் கதவைத் திறந்து ஒரு காலை ஏணியில் வைத்தார். ஜீப் லேசாகக் கிர்ரென்றது. காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. "நான் எறங்கினா பாரம் ஒரு பக்கம் சாயும். வண்டி கோயில் சொத்து" என்றார். அம்மா தூக்குப்போசியில் டீ ஊற்றிக் கயிற்றில் கட்டிக் கொடுத்தது. அவர் மேலே இழுத்துக் குடித்தார். சர்க்கரை பத்தவில்லை என்றார். மறுபடி இறக்கி, சர்க்கரை போட்டு ஏற்றினோம்.

மத்தியானம் ஆனது. மாமா வரவில்லை. ஒரு கொல்லை முடிந்தால் அடுத்த கொல்லைக்காரர் பிடித்துக்கொள்வார், மழை பெய்த நாளில் டிராக்டர்காரரை யார் விடுவார்கள். சாயங்காலம் தேர். ஜீப் அந்தரத்தில். பிரேக் வேலை அப்படியே கிடக்கிறது. அப்பா திருவிழாவுக்கு என்று எடுத்த புதுச்சட்டையைக் கூடப் போடவில்லை.

கடைசியில் உபதேசியாருக்கே யோசனை வந்தது. அவர் பக்கத்தில்தான் மைக் இருந்தது. மேலே ஸ்பீக்கர் இருந்தது. பேட்டரியும் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த இறைமக்களே! ஓர் அறிவிப்பு. நமது பங்கின் ஜீப் தற்போது வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அதனுள் உங்கள் உபதேசியாரும் இருக்கிறார். ஒர்க்‌ஷாப்காரரின் மச்சினன் எங்கிருந்தாலும் டிராக்டரோடு உடனே வந்து சேரும்படி ஆண்டவரின் பெயரால் கேட்டுக்கொள்கிறோம்."

இதை மூன்று தரம் சொன்னார். நடுவில் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபமும் சொன்னார். அவ்வளவு உயரத்தில் இருந்து ஸ்பீக்கர் அதுவரை கத்தியதில்லை. ஹைவே வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமா வருவதற்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகள் வரைக்கும் வந்துவிட்டார்கள். மதில் மேல் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள்.

"என்னப்பா, சாமி வண்டிய நேரா சாமிகிட்டயே அனுப்பிட்ட?"

"உபதேசியாரே, அங்கிருந்து மோட்சம் தெரியுதா?"

"தெரியுது. உன்ன அங்க காணோம்" என்றார் உபதேசியார், மைக்கிலேயே.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. திருவிழா எங்கள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது.

யாரோ ஒருவர் ஸ்பேனரோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தார். "வண்டி மேலதான் நிக்குது. டிராக்டர் வர்றதுக்குள்ள வேலைய முடிக்கலாமில்ல? வூட்டுல உத்தரவு கெடைக்கலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்த மாதிரி பண்ணினார். அம்மாவைப் பார்க்கவில்லை. கையில் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தது. கையைச் சேலையில் துடைத்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது. கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தது. அப்பாவைத் தாண்டிப் போய் ஜீப்புக்கு அடியில் நின்றது.

நேர் நடுவில். நிமிர்ந்து மேலே பார்த்தது.

"ஏய்" என்றார் அப்பா. அவ்வளவுதான் வந்தது.

கூட்டம் பேச்சை நிறுத்தியது. மேலே உபதேசியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன, சத்தத்தையே காணோம்? வந்துட்டானா?" என்று மைக்கில் கேட்டார். ஜீப்பில் இருந்து ஒரு சொட்டு ஆயில் அம்மாவின் தோளில் விழுந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதமாக நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், வண்டி மேலே போனால் முதலில் நான் அடியில் நிற்பேன் என்று. அப்பா சரி என்று சொல்லியிருந்தார். இப்போது அம்மா முந்திக்கொண்டது. அதுவும் இத்தனை பேர் பார்க்க. நானும் ஓடினேன். போய் அம்மாவின் பக்கத்தில் நின்று, அம்மா மாதிரியே தலையை நிமிர்த்தினேன்.

கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

அம்மா என்னை அடித்ததே இல்லை. வையும், காதைத் திருகும், அடித்ததில்லை. அறைந்துவிட்டு என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. அப்பாவின் மேல் என்னைத் தள்ளியது. "புடிங்க இவள" என்றது. அப்புறம் திரும்பிப் போய், மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

நான் அலறி அழுதேன். கோயிலில் யாரோ மூன்று மணி ஜெபத்துக்கு அடித்த மணி கேட்டது. அது அடித்து ஓய்கிற வரைக்கும் அம்மா நின்றது. பிறகு வெளியே வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

"ம். போங்க. சீக்கிரம் முடிங்க."

அப்பா என்னைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போனார். முதலில் பழக்கத்தில் குனிந்தார். அப்புறம் குனிய வேண்டாம் என்று தெரிந்து நிமிர்ந்தார். அழுதுகொண்டே பார்த்தேன். வேலை பார்க்கும்போது அப்பா நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொள்வார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிரேக் குழாயை மாற்றிக் கையைத் துடைக்கவும் மாமா வரவும் சரியாக இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் ஒன்பது கொழு வைத்த உழவுக் கலப்பையும் அப்படியே இருந்தது, சேறும் அப்படியே இருந்தது. வரும் வழியெல்லாம் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "வானத்துல இருந்து ஆண்டவர் பேர்ல கூப்புட்டாங்க. யாரு நிப்பா?" என்றார். அம்மா அவர் முதுகில் ஒரு சாத்துச் சாத்தியது. அது சந்தோஷமான சாத்து. மாமா அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். எனக்கு விழுந்தது அப்படியானது இல்லை.

ஜீப் இறங்கியது. உபதேசியார் தரையில் கால் வைத்து, சிலுவை போட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் போனார். ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

சாயங்காலம் தேர் நன்றாகப் போனது. இறக்கத்தில் ஜீப் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அப்பா புதுச்சட்டையோடு ஜீப்புக்குப் பக்கத்திலேயே நடந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் லிஃப்டைப் பற்றியே பேசினார்கள். மாமா எனக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் தின்றேன். ஆனால் அம்மாவோடு பேசவில்லை. அம்மா மட்டும் நிற்கலாமாம், நான் நின்றால் அறையாம். அது என்ன நியாயம் என்று மாமாவிடம் கேட்டேன். மாமா இன்னொரு பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஒரு கார் வந்தது. மாமா அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை டிராக்டரை எடுக்காமல் வேப்பமரத்தடியில் பீடி குடித்தார். அப்பா காருக்கு அடியில் நின்றுகொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். முறம் கொட்டகையில் இல்லை. அம்மாவும் இல்லை.

எனக்கு நேற்றைய கோபம் தீரவில்லை. அம்மாவிடம் கேட்டே ஆவது என்று வீட்டுக்குள் போனேன்.

அம்மா நடுவீட்டில் வெறும் தரையில் படுத்திருந்தது. பாய் விரிக்கவில்லை. தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்து, லேசாகக் குறட்டை வந்தது. வெளியே அப்பா சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா எழவில்லை. பட்டப்பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.

காய்ச்சல் இல்லை. பிறகு எதற்குப் படுத்திருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.